லாமியைத் தாண்டாத மெம்பர்

எங்கள் மெம்பர் ஒரு கல்யாணப் பந்தியையும் விட்டவரில்லை. பிஜியின் தலைநகர் சுவாவில் சட்டக் கவுன்சில் கூடும்போதுதான் அவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். முதலில் துணிக்கடை, பிறகு சங்கத் தலைவர், பிறகு மெம்பர். பல வருஷம் அந்தப் பதவியில் இருந்தார். இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு ஒன்றும் செய்யவில்லை. நான் அவருடைய மோட்டார் ஓட்டி. அந்த மோட்டார் ஒரு கிழட்டு வண்டி, மழையில் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். தள்ளும்போதும் அவர் இறங்க மாட்டார்.

எங்கள் ஊர் ட்ராசாவில் கரும்புக்காரர்கள் நாங்களே தகரம் போட்டு ஒரு பள்ளிக்கூடம் கட்டியிருந்தோம். தமிழ் வாத்தியாருக்கு இனிமேல் சம்பளம் கொடுக்க எங்களால் முடியவில்லை. சர்க்கார் கொடுக்க வேண்டும் என்று மெம்பர் கவுன்சிலில் எழுந்து கேட்க வேண்டும். அவர் எழுந்தால்தான் ஓட்டெடுப்பே. நான் கைநாட்டு, இதையும் நான் சொல்ல இன்னொருவர்தான் எழுதுகிறார். என் மகள் அப்போதுதான் ஆனா ஆவன்னா பிடித்திருந்தாள்.

அன்று சுவாவுக்குப் போகிற வழியில், லாமியில் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"மச்சான் வீட்டுல நண்டு வாங்கி வெச்சிருக்காருடா."

"கவுன்சிலு கூடிடுமுங்க ஐயா."

"கவுன்சிலு எங்கடா ஓடிப்போவுது? நண்டு ஆறிப்போவும்."

தின்றார். கறுப்புக் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டுப் பாயில் சாய்ந்தார். எழுப்பினேன்.

"ஐயா, வாத்தியாரு சம்பளம்..."

"வெள்ளக்காரன் குடுக்கவா போறான்? போடா."

சாயங்காலம் சுவா போனபோது கவுன்சில் கலைந்திருந்தது. எழுந்து கேட்க ஆளில்லாததால் எங்கள் சங்கதி விழுந்துவிட்டது என்று வாசல் சேவகன் சொன்னான். மெம்பர் கோட்டைப் போட்டுக்கொண்டு அந்தக் கட்டடத்துக்கு முன்னால் போட்டோ பிடித்துக்கொண்டார்.

ட்ராசாவில் கூட்டம் போட்டார்கள், மாலையும் போட்டார்கள்.

"சிங்கமாட்டம் நின்னேன்! வெள்ளக்காரனுங்க ஒருத்தனும் கை தூக்கல!"

என்னால் பொறுக்க முடியவில்லை.

"எங்க ஐயா நின்னீங்க? லாமியில நண்டு முன்னாடி உக்காந்துல்ல இருந்தீங்க."

"அட, அப்ப நண்டுக்குத்தான் ஓட்டு போட்டுட்டு வந்தீங்களா மெம்பரே?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். மெம்பரும் சிரித்தார், வெட்கம் இருந்தால்தானே. மறுநாள் என்னை வேலையைவிட்டு நிறுத்தினார். அடுத்த எலெக்‌ஷனில் சிரித்தவர்களே அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். அவர்களைப் பற்றிச் சொல்லவும் எனக்கு நல்ல வார்த்தை வரவில்லை.

சம்பளமில்லாத வாத்தியார் பக்கத்துத் தீவில், சவுசவுவில் கொப்பரைக் கடை வேலைக்குக் கப்பல் ஏறிவிட்டார். இங்கே மற்றப் பள்ளிக்கூடங்களில் நம் பிள்ளைகளுக்கு இந்திதான், என் மகளும் பிறகு அதைத்தான் படித்தாள். இன்றைக்கு நான் தமிழில் ஒன்று கேட்டால் அவள் இந்தியில் பதில் சொல்கிறாள். அவள் பிள்ளைகளுக்கு நான் கேட்டதே புரிவதில்லை.