சுற்றாத குமிழ்

அந்த வாரம் அடுத்தடுத்து மூன்று கல்யாணம் எடுத்திருந்தேன். நாலாவது வில்லாபுரத்தில். நின்றபடியே தூங்கிவிடுகிற அசதி. "அண்ணே, நானும் எங்கப்பாவும் நிக்கிறத மட்டும் பிலிம் கேமராவுல எடுங்க" என்று கேட்டாள் கல்யாணப் பெண். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை. அவரை அரை மணி நேரம் மேடையில் நிற்க வைத்து எடுத்தேன்.

ரோலில் முப்பத்தாறு படம்தான். அதைத் தாண்டியும் பிலிமை நகர்த்தும் லீவர் இழுபட்டுக்கொண்டே இருந்தது. பிலிம் நுனியை உள்ளே இருக்கும் உருளையில் நான் சரியாக மாட்டவில்லை. மாட்டியிருந்தால், லீவரை இழுக்கும்போதெல்லாம் கேமராவின் மேலே உள்ள குமிழும் சேர்ந்து சுற்றும். அது சுற்றுகிறதா என்று ஒரு தடவைகூட நான் பார்க்கவில்லை. ஒரு படமும் விழவில்லை.

கேமரா ரிப்பேர் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பெண்ணின் அப்பா முகத்தைப் பார்த்ததும், குமிழைக் கவனிக்காததையும் சேர்த்து உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டப்போகிறார் என்று நின்றேன்.

"இந்தத் தடவ உக்காந்துக்கிறேன் தம்பி" என்றார்.

புது ரோலை மாட்டினேன். ஒவ்வொரு படத்துக்கும் "சுத்துதா தம்பி?" என்று கேட்டார். "சுத்துதுங்கய்யா" என்றேன்.

கழுவி வந்த படங்களில் எல்லாம் அவர் வாய் லேசாகத் திறந்திருக்கிறது. கண் லென்ஸைப் பார்க்கவில்லை, குமிழைப் பார்க்கிறது. நான் பார்க்க வேண்டியதை, அந்த உடம்போடு அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.