கன்னிமாரின் ஒரு பிடி

எலி தின்றது போக மிஞ்சியதுதான் எங்களுக்குச் சாப்பாடு. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நன்னிலம் பக்கம் வாய்க்கால் கரையில் ஏழு இருளர் குடிசைகள். அறுப்பு முடிந்ததும் வயலில் இறங்கி எலி வளைகளைத் தோண்டுவோம். எலி கறிக்கு, அது கடித்துச் சேர்த்த கதிர் உலைக்கு. பண்ணைக்காரர்களுக்கும் சந்தோஷம்தான், கூலி கொடுக்காமல் எலி ஒழிகிறதே.

அந்த வருஷம் கூலிச் சண்டை. அறுப்பு ஆட்கள் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். பண்ணையார் வாசலில் ஆளுங்கட்சிக் கொடி. களத்தில் நெல் குறைகிறதென்று பண்ணை ஆட்கள் எல்லோரையும் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

தப்பு என்னுடையது. எனக்குப் பதினேழு வயது, சோம்பல் வேறு. கதிராகக் கட்டினால் சுமை பெரிதாகும் என்று வரப்பிலேயே மிதித்துத் தூற்றி, வெறும் நெல்லாக மூட்டை கட்டினேன். எலி நெல்லுக்குச் சாட்சி காம்பில் இருக்கும் பல் தடம்தான். அதை நானே தூக்கி எறிந்துவிட்டேன்.

மூட்டையைச் சுமந்து வந்த அப்பாவை மறித்து, பண்ணையார் மகன் அதை அவிழ்த்தான். இது களத்து நெல் என்றான். மூன்று பேர் அப்பாவைத் தாளடியில் உருட்டி உதைத்தார்கள். உதடு கிழிந்து, ஒரு பல் விழுந்தது. அறுப்பு ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திருட்டுப் பட்டம் எங்களுக்கு விழுந்தால் அவர்கள் தலை தப்பும். இன்றுவரை அவர்களை நான் மன்னிக்கவில்லை.

இன்னொரு வளையைத் தோண்டிக் காட்டுகிறேன் என்று அப்பா கெஞ்சினார். தோண்டினார். கொத்துக் கொத்தாகக் கதிர் வந்தது, எல்லாக் காம்பிலும் பல் தடம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“அதுவும் எங்க வயல்ல வெளஞ்சதுதானே? ஒண்ணு விடாம எடுத்து வைடா” என்றான் பண்ணையார் மகன்.

அப்பா எடுத்து வைத்தார். கடைசிப் பிடியில் நிறுத்தினார். ஒரு பிடிக் கதிரை வளையிலேயே விட்டு மண் மூடுவது எங்கள் வழக்கம். அது எங்கள் கன்னிமார் சாமிகளுக்கு. குழந்தைகள் பட்டினி கிடந்த நாளிலும் அதைத் தொட்டதில்லை.

“இது உங்களுதும் இல்லீங்க, எங்களுதும் இல்லீங்க. கன்னிமாரோடது. இத மட்டும் விட்டுடுங்க.”

அவன் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து மணிக்கட்டில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்பா வளைவாயிலிருந்து கையை எடுக்கவில்லை. அடுத்த அடிக்கும் எடுக்கவில்லை. அப்புறம் விரல்கள் தாமாகவே தளர்ந்தன. அந்த ஒரு பிடியையும் அவன் அள்ளிக்கொண்டு போனான்.

அந்த வலது கை அதற்குப் பிறகு எலி பிடிக்கக் கிட்டி வைக்கவில்லை, சோறு பிசையவும் இல்லை. சாகும்வரை நான்தான் ஊட்டினேன். நியாயம் கேட்க யாரும் வரவில்லை. கன்னிமாரும் வரவில்லை. நான் அவர்களைக் கும்பிடுவதை நிறுத்திவிட்டேன். அப்பா மட்டும் இடது கையால் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார்.