ஆடுகளுக்கு முன்னால்

எனக்கு நிற்கவே பிடிக்காது. ரயில்வே கேட் மூடியிருந்தால்கூட பைக்கைச் சாய்த்து அடியில் நுழைந்துவிடுவேன். எழுமலைக்கு மேற்கே ஆட்டுக்காரர்கள் மலையைத் தாண்டும் கணவாய்ப் பாதையில், அப்படிப்பட்ட நான் நடந்துபோகும்போது ஒரு மந்தைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். வாயெல்லாம் புழுதி.

மந்தையின் கடைசியில் நடந்த ஆட்டுக்காரர், "பொறுங்கண்ணே, உச்சியத் தாண்டுனா எடம் அகலும்" என்றார். கேட்கிற ஆளா நான்? பாறையை ஒட்டியே ஆடுகளை விலக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டேன்.

உச்சியில் ஏறியதும், அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கு முழுக்க மேகம். வாழ்க்கையில் முதல்முறையாக நிற்கத் தோன்றியது. நின்றேன். என்னைத் தொடர்ந்து வந்த ஆடுகளும் நின்றுவிட்டன. பின்னால் வந்தவை நெருக்க, ஓரத்து ஆட்டின் காலடியில் கல் சரிந்து உருண்டது.

"அண்ணே, நிக்காதீங்க! நீங்க நின்னா அதுகளும் நிக்கும். அம்புட்டும் பள்ளத்துல விழுந்துரும். நடங்க!"

நடந்தேன். திரும்பிப் பார்க்க நினைத்தபோதெல்லாம் முதல் ஆடு முழங்காலுக்குப் பின்னால் முட்டியது.

பாதை அகன்றதும் ஒதுங்கி வழிவிட்டேன். ஆட்டுக்காரர் என்னைக் கடந்துபோகும்போது, "இப்ப நல்லா நின்னு பாருங்கண்ணே" என்றார்.

எதிரே ஒரு முள்ளுப்புதர் இருந்தது.