பூஜையில் வைத்த பட்டாளக் கத்தி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். இதை நானே முதலில் சொல்லிவிட்டால் பிறகு யாரும் சொல்ல வேண்டியதில்லை பாருங்கள். தாராவியில் தோல் பட்டறை வைத்திருக்கிறேன். பர்ஸ், பெல்ட், ஆபீஸ் பை. வெட்டுவது நான், தைப்பது என் மனைவி. கீழே பட்டறை, ஏணி ஏறினால் மேலே வீடு. இதெல்லாம் வயிற்றுக்கு. ஆசைக்கு என்னிடம் இருப்பது கத்தி. பழைய பட்டாளக் கத்தி, வேட்டைக் கத்தி என்று இருபத்திமூன்று சேர்த்திருக்கிறேன். தாராவிக்காரன் வீட்டில் இருபத்திமூன்று கத்தி என்றால் வெளியாள் என்ன நினைப்பான் என்று எனக்குத் தெரியாதா? மாட்டுங்காவில் நான் பை போடுகிற கடைக்காரர் ஒருதரம், "உம்மளப் பார்த்தா அப்படித் தெரியலையே வே" என்றார். எப்படித் தெரியவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை வந்திருக்கும், ஆர்டரும் போயிருக்கும்.

ஆரம்பித்தது ஒரு வேட்டைக் கத்தியில்தான். உறை தைத்துத் தரச்சொல்லி ஒருவர் கொடுத்துவிட்டுப் போனார். உறையும் தைத்தாயிற்று, ஆளைக் காணோம். ஒரு வருஷம், இரண்டு வருஷம், வரவே இல்லை. ஒருநாள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மரப்பிடியில் கட்டைவிரல் படுகிற இடம் மட்டும் தேய்ந்து குழிந்திருந்தது. என் விரலை வைத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. எவனோ ஒருத்தன் ஆயுசு முழுக்க இதைப் பிடித்திருக்கிறான், அவன் விரல் இருந்த இடத்தில் இப்போது என் விரல். அன்றைக்குப் பிடித்த கோட்டி, இந்தக் கத்திப் பைத்தியம், இன்னும் விடவில்லை.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமையானால் மான்குர்த். அங்கே பங்கார் என்கிற பழைய சாமான் கிடங்குகளில் இரும்பு மலைமலையாகக் கிடக்கும். வாஷிப் பக்கம் புது ஃப்ளாட்டுக்கு மாறுகிறவர்கள் தாத்தா காலத்து டிரங்குப் பெட்டிகளை அப்படியே எடைக்குப் போட்டுவிடுவார்கள். அதைக் கிளறுவேன். எனக்கும் சில கட்டுப்பாடுகள் உண்டு. ரொம்ப நீளமானதைத் தொடமாட்டேன், போலீஸ்காரனுக்கு யார் பதில் சொல்வது? மான்கொம்புப் பிடி என்றாலும் வேண்டாம், அது வனத்துறை சமாச்சாரம். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: பழைய கத்தியைப் பாலிஷ் போடவே கூடாது. எண்ணெய் தொட்டுத் துடைக்கலாம், அவ்வளவுதான். கறுத்துப்போன நிறம், அங்கங்கே கீறல், மங்கின முத்திரை, இதில்தான் கத்தியின் கதை முழுக்க இருக்கிறது. அதைத் தேய்த்தெடுத்தால் மிஞ்சுவது வெறும் இரும்பு.

என் மனைவிக்கு இந்த வியாக்கியானமெல்லாம் வேப்பங்காய். "இது வீடா, கறிக்கடையா?" என்பாள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் நான் கேட்பேன், என் கத்திகளையும் பூஜையில் வைப்போமே என்று. "அது சோறு போடுற சாமானா? சோறு போடுற சாமானுக்குத்தான் இந்த வீட்டுல பொட்டு" என்று கத்தரிக்கோலையும் குத்தூசியையும் கழுவப் போய்விடுவாள். அதோடு நானும் அவளிடம் கத்தியைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டேன். கேலி செய்கிறவளிடம் என்னத்தைச் சொல்வது? அந்த வீம்புக்குத்தான் பிறகு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இந்த வருஷம் மழை விடும் சமயத்தில் செம்பூரிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாட்டுங்காக் கடைக்காரர்தான் என்னைக் கைகாட்டியிருக்கிறார். பையிலிருந்து ஒரு துணிமூட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே தோல் உறையோடு ஒரு கத்தி, உடம்பெல்லாம் துரு.

"இது எங்க அப்பாவோடதான்னு தெரிஞ்சாப் போதும்" என்றார்.

அப்பா பட்டாளத்துக்காரர், வேலூர்ப் பக்கம். டீச்சருக்கு ஐந்து வயதாக இருக்கும்போது போனவர் திரும்பி வரவில்லை. அவருக்குப் பதில் பட்டாளத்திலிருந்து வந்த பெட்டியைச் சித்தப்பா வீட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், அம்மா கேட்டும் கொடுக்கவில்லை. இப்போது சித்தப்பா வீட்டை இடிக்கும்போது பரணில் கிடைத்தது என்று இதைக் கொண்டுவந்து தந்திருக்கிறார்கள். தேங்காய் உரித்தார்களாம் அதை வைத்து! அப்பாவுடையதுதான் என்று ஒருத்தர் சொல்கிறார், சந்தையில் வாங்கியது என்று இன்னொருத்தர் சொல்கிறார்.

"ஒரு போட்டோகூட இல்லைங்க. அவர் கை பட்ட பொருள்னு எங்கிட்ட ஒண்ணுமே இல்லை. இது அவரோடது இல்லைன்னாலும் பரவாயில்லை, இல்லைன்னு சொல்லிடுங்க. ஆனா நிச்சயமாச் சொல்லுங்க."

கத்தியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பிடிக்குப் பக்கத்தில், துருவுக்கு அடியில் ஏதோ கீறியிருந்தது. பட்டாளத்துக்காரர்கள் தங்கள் நம்பரைச் சாமான்களில் ஆணியால் கீறி வைத்துக்கொள்வதுண்டு. ஒரு நாலு தெரிந்தது. பக்கத்தில் ஏழு மாதிரி ஒன்று.

"அப்பா நம்பர் உங்ககிட்ட இருக்கா டீச்சர்?"

"அம்மா பென்ஷன் புத்தகத்துல இருக்கு. புத்தகம் எதுக்கு? ஆபீசுக்குப் போகும்போதெல்லாம் அம்மா என்னைத்தான் நம்பரைச் சொல்லச் சொல்வாங்க. அவங்களுக்குப் படிப்பு இல்லை." சொல்ல வாயெடுத்தவரை நான் தடுத்தேன். முன்கூட்டியே கேட்டுவிட்டால் கண் அதையே தேடும், இல்லாததும் இருப்பதாகத் தெரியும். இரண்டு வாரம் கொடுங்கள் என்றேன்.

தினமும் தையல் மெஷின் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு அந்த இடத்தில் வைப்பேன். ஊறினதும் துணியால் மெதுவாக ஒற்றி எடுப்பேன். அவசரப்பட்டால் துருவோடு கீறலும் போய்விடும். நாலும் ஏழும் தெளிந்தன, மூன்றாவது எண் அரைகுறையாக வந்தது. கத்தியைச் செய்தித்தாளில் சுற்றிப் பட்டறையில் மேல்தட்டில் வைப்பேன், உறை அதற்குப் பக்கத்தில். அது என்ன, யாருடையது என்று மனைவியிடம் மூச்சு விடவில்லை.

ஆயுத பூஜை அன்று காலையில் வாஷியில் கடைசி டெலிவரி. முடித்துவிட்டு, பொரிகடலையும் பூவும் வாங்கிக்கொண்டு சாயங்காலம் பட்டறைக்குள் நுழைந்தேன். நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கழுவின தையல் மெஷின், கத்தரிக்கோல், சுத்தியல், குத்தூசி எல்லாவற்றுக்கும் முன்னால், வாழையிலையில் வரிசையாக என் கத்திகள். இருபத்திமூன்றுக்கும் சந்தனப் பொட்டு, குங்குமம், ஆளுக்கொரு செவ்வந்திப்பூ. என் மனைவி வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

"இருபது வருசமாக் கேட்டீங்கல்லா? இந்தா வச்சாச்சு. எப்படி இருக்கு?"

சொல்லக்கூடாது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் நடுவில் இருபத்திநாலாவது கத்தியைப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

"அது ஒண்ணுதான் துரு புடிச்சுப் பாக்கவே அசிங்கமாக் கெடந்துது. எதுத்தாப்புல பக்கிள் பாலிஷ் போடுத கடையில மோட்டார்ல குடுத்து நானே நின்னு தேச்சு வாங்கிட்டு வந்தேன்."

குனிந்து பார்த்தேன். நாலு இல்லை. ஏழு இல்லை. ஒன்றுமே இல்லை.

"ஏளா, உனக்குக் கோட்டியா புடிச்சிருக்கு!" என்று ஆரம்பித்தவன், என்னென்ன சொன்னேன் என்று இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. சாமிக்கு முன்னால் நின்று கத்தினேன். சந்தில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் டீச்சரின் கதையையும் கத்திக்கொண்டேதான் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள் முகம் செத்துவிட்டது.

"எங்கிட்ட யாரு சொன்னா?" என்றாள். "ரெண்டு வாரமா என் தலைக்கு மேல இருந்திருக்கு. ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

நான் அண்ணாந்து மேல்தட்டைப் பார்த்தேன், உறை மட்டும் கிடந்தது.

வெறும் இரும்பின் மேல் ஈரச் சந்தனம் இருக்கிறதே, விடிவதற்குள் அந்த இடத்தில் துரு ஏறிவிடுமே என்று எனக்குப் பதறியது. ஆனால் பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை எடுக்கக்கூடாது. அவள் தடுக்கவில்லை, என் கைதான் நீளவில்லை. நாற்பது வருஷப் பழக்கம். அந்த நேரம் பார்த்து டீச்சர் போன் செய்தார். நாளைக்கு விஜயதசமி, நல்ல நாள், காலையில் வரட்டுமா? "வாங்க டீச்சர்" என்று மட்டும்தான் வாயில் வந்தது.

அன்றைக்கு ராத்திரி நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். அவள் மேல்தட்டில் கிடந்த உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். குற்ற உணர்ச்சி போல என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் சூடம் காட்டிக் கத்தரிக்கோலை எடுத்து அவள் கையில் கொடுக்கும்போது டீச்சர் வந்துவிட்டார். நல்ல பட்டுச்சேலை கட்டி, தலையில் பூ வைத்து வந்திருந்தார். அதைப் பார்த்ததும், ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்த சால்ஜாப்பு ஒன்றும் ஓடவில்லை. கத்தியை எடுத்து அவர் கையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். எண் இருந்தது, நானே பார்த்தேன், இப்போது இல்லை, சொல்லி வைக்காதது என் தப்பு. அவர் கத்தி கிடந்த உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"டீச்சர்" என்று என் மனைவி முன்னால் வந்தாள். கையில் உறை. "உங்க பொருளு. நீங்க சரின்னு சொன்னாத்தான் தொடுவேன். இந்த உறையில மூணு பக்கமும் ஃபேக்டரித் தையல். பெல்ட் கோர்க்குத இந்தப் பட்டை மட்டும் கைத்தையல். யாரோ பிரிச்சுத் திரும்பத் தச்சிருக்காங்க. தையல் தெரியாத ஆளு. பாருங்க, ஓட்டை ஒண்ணு மேல ஒண்ணு கீழ. சும்மா இருந்ததை எதுக்குப் பிரிக்கணும்? உள்ள பாத்துரலாமா?"

தோல் வேலையில் பிறந்து வளர்ந்தவன் நான். இரண்டு வாரம் அந்த உறை என் கைக்கு எட்டின இடத்தில் கிடந்தது. நான் கத்தியை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

டீச்சர் தலையாட்டினார். விஜயதசமி அன்று பூஜையிலிருந்து எடுத்த குத்தூசியால் முதல் வேலையாக ஒரு சின்ன பர்ஸாவது தைத்துச் சாமிக்கு முன் வைப்பது எங்கள் வழக்கம். பிரிக்கிற வேலையை யாரும் முதல் வேலையாகச் செய்யமாட்டார்கள். அவள் அந்தக் குத்தூசியை எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, முதல் முடிச்சைப் பிரித்தாள். நூல் மட்கிப்போயிருந்தது. பட்டையை மெல்ல விரித்து வாசல் வெளிச்சத்தில் காட்டினாள். உட்பக்கம், வெயிலும் வியர்வையும் படாத தோலில், பழுக்கக் காய்ச்சின ஆணியால் சுட்டு எழுதின எண்கள், கருகருவென்று.

என் மனைவி எழுத்துக்கூட்டுகிறவள் மாதிரி விரலை வைத்துப் படித்தாள். "நாலு... ஏழு... ஒண்ணு..."

மூன்றாவதிலேயே டீச்சரின் குரல் சேர்ந்துகொண்டது. அவர் தோலைப் பார்க்கவில்லை, கண்ணை மூடியிருந்தார். பென்ஷன் ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால் நிற்கிற சின்னப்பிள்ளை சொல்வதுபோல் கடகடவென்று சொன்னார். என் மனைவி வாயை மூடிக்கொண்டாள். அவள் விரல் மட்டும் அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு எண்ணாக நகர்ந்தது. கடைசி எண்ணில் குரலும் விரலும் ஒன்றாகப் போய் நின்றன.

"சரியா இருக்கா?" என்றார் டீச்சர், கண்ணைத் திறக்காமலே.

"இருக்கு டீச்சர். எல்லாம் இருக்கு" என்றாள். அதற்கு மேல் அவளாலும் முடியவில்லை, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் கத்தியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சந்தனம் இருந்த இடத்தில் நான் பயந்தபடியே வட்டமாகத் துரு பூத்திருந்தது. சாரி சொல்ல வாயெடுத்தேன்.

"பட்டாளத்துல இதை இப்படித்தானேங்க வச்சிருப்பாரு?" என்றார் என்னிடம். "துரு புடிக்கவா விட்டிருப்பாரு? தினம் தேச்சு, பளபளன்னுதானே வச்சிருப்பாரு. அவர் பார்த்த மாதிரியே நானும் பார்த்துட்டேன்."

இருபது வருஷமாக நான் கட்டிக் காத்த கட்டுப்பாட்டை அந்த அம்மா ஒரு வார்த்தையில் தூக்கிப் போட்டுவிட்டார். எனக்குக் கோபமே வரவில்லை, ஆச்சரியம்தான். நான் சேர்த்த கத்திகளையும் ஒரு காலத்தில் எவனோ தினமும் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்திருப்பான் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. மனைவியைப் பார்த்து, "தப்பு என்னோடதுதான்" என்றேன். அவள் முறைத்தாள். ஆனால் பழைய முறைப்பு, அதில் உயிர் இருந்தது.

"பட்டையைத் தச்சுத் தாரேன் டீச்சர்" என்று மெழுகு நூலை எடுத்தாள். "புது ஓட்டை போட்டு நேராத் தச்சிரவா?"

"வேண்டாம். அந்த ஓட்டையிலேயே போடுங்க."

ஒரு நூல் கோணினாலும் பையை முழுசாகப் பிரித்துத் திரும்பத் தைக்கிறவள் என் மனைவி. அவள் வாசல் வெளிச்சத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். நான் பட்டையை அசையாமல் பிடித்துக்கொண்டேன். அந்த வருஷத்தின் முதல் வேலையாக, அந்த மனிதர் குத்தின ஒவ்வொரு ஓட்டையிலும் ஊசியை விட்டு, மேலும் கீழுமாக, அவர் போட்ட கோணல் தையலை அவள் அப்படியே போட்டாள்.