கொரியச் சட்டையில் ஏறிய சுழி

இதை எழுதவென்று தாள் எடுத்து, அந்தத் தாளிலேயே வெங்காயத்தோலைச் சுற்றிக் குப்பையில் போட்ட நாள்கள் பல. வருடக்கணக்காக அப்படியே போயிற்று. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன், எனக்கு எழுத வராது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது சாட்டு. உண்மையில் வெட்கம்தான் கையைப் பிடித்தது. இந்த வருடம் எங்கள் கோயிலின் சதுர்த்தி மலருக்கு, "அந்தச் சட்டை அற்புதத்தை நீங்களே எழுதித் தாங்கோ அண்ணை" என்று கேட்டுவிட்டார்கள். எழுதித் தருகிறேன். அற்புதத்தை அல்ல, நடந்ததை.

நான் தைக்கிறவன். இத்தாலியின் பலெர்மோவில், ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரு சின்னக் கடையில், விளையாட்டுக் குழுக்களின் சட்டைகளில் பெயரும் இலக்கமும் தைப்பது என் வேலை. கடைக்காரி ஒரு சிஞ்ஞோரா. எழுத்தின் படத்தைக் கம்பியூட்டரில் ஏற்றி, தடித்த துணியில் வெட்டுகிற மெசினை அவர்தான் ஓட்டுவார். வெட்டி வந்த எழுத்தைச் சட்டையில் வைத்து, ஓரம் சுற்றி நெருக்கமாகத் தைப்பது நான்.

பிள்ளையார் சுழி போடாமல் நான் எதிலும் கை வைத்ததில்லை. கடைச்சாமான் துண்டிலும் போடுவேன். இங்கே தங்குவதற்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கிற விண்ணப்பத்தின் ஓரத்தில்கூடப் பென்சிலால் போட்டுவிட்டு, குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரின் வாசலில் நின்று அழித்திருக்கிறேன். பக்தி என்று நானே பெருமையாக நினைத்த பழக்கம் அது.

இங்கே ஒரு பேஸ்போல் குழு இருந்தது. எங்கள் எல்லே மாதிரித்தான், பந்தை அடித்துவிட்டு மூலைகளைச் சுற்றி ஓடுகிற விளையாட்டு. கொரியாவிலிருந்தும் யப்பானிலிருந்தும் இரண்டு இளைஞர் குழுக்கள் அவர்களோடு விளையாட விருந்தாளிகளாக வர இருந்தன. வருகிறவர்களுக்கு இந்தக் குழுவின் பெயரை அவரவர் எழுத்தில் தைத்த சட்டைகளைப் பரிசாகக் கொடுக்க விரும்பினார்கள். பெயர் இத்தாலியனில் ஒரு சிறிய சொல், அலைகள் என்று பொருள். அவர்களுடைய சட்டையில் அது நெஞ்சுக்குக் குறுக்கே சாய்ந்து, எழுத்தோடு எழுத்து கைகோத்து ஓடும். கடைசி எழுத்திலிருந்து ஒரு வால் கிளம்பி, பெயருக்குக் கீழே திரும்பி வரும்.

"எந்த எழுத்தெண்டாலும் எனக்கு வால் வேணும்" என்றார் குழுத்தலைவர். அவர் சொன்னது இத்தாலியன். சிஞ்ஞோராவும் மற்றவர்களும் பேசியதும் அதுதான். எனக்குக் கேட்டபடி எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

எழுத்து வரைவதற்கு அவர் ஒரு கொரியப் பெண்ணை அனுப்பினார். இசைக்கல்லூரியில் பாட்டுப் படிக்க இந்த ஊருக்கு வந்த மாணவி. பள்ளிக்கூடத்தில் யப்பான் மொழியும் படித்திருந்தாள். விருந்தாளிகள் நிற்கும் நாள்களில் மொழிபெயர்ப்பதும் அவள்தான். கடைசி நாள் விருந்தில், தன் நாட்டுக்காரர் முன்னால் ஒரு பாட்டுப் பாடவும் கேட்டிருந்தார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

என் மேசையில், என் பக்கத்தில் இருந்துதான் வரைந்தாள். கொரிய எழுத்து கைகோக்காது. ஒவ்வொன்றும் ஒரு பெட்டிக்குள் குடும்பமாக இருக்கும்: முதல் பெட்டியில் மேலே ஒரு வட்டம், அதற்குக் கீழே ஒரு கோடு, அதற்கும் கீழே ஒரு மூலை. அதைச் சாய்த்து எழுதியதும் வட்டம் உருண்டு விழப்போகிற முட்டை மாதிரி நின்றது.

"பிடிச்சுக்கொள்ளுங்கோ, விழப்போகுது" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே அடிக்கோட்டைத் தடிப்பாக்கினாள். முட்டை நிலைகொண்டது. வாலுக்குத்தான் கஷ்டப்பட்டாள். இரண்டாவது பெட்டியின் கடைசிக் கோடு நேராக நிற்கிற கோடு. அதன் காலை மெல்ல வளைத்து, இடப்பக்கம் இழுத்து, பெயருக்குக் கீழே ஓடவிட்டாள். பலமுறை அழித்து அழித்துக் கீறினாள்.

"உங்கடை ஆக்களுக்கு இது வாசிக்க வருமோ?"

"வரும். என்ன, பாட்டு மாதிரிக் கொஞ்சம் இழுத்து வாசிக்கவேணும்."

யப்பான் எழுத்து லேசாக வந்தது. மூன்று எழுத்து. கடைசி எழுத்தின் கால் தானாகவே இடப்பக்கம் சரிந்து இறங்குகிறது, அதை நீட்டினால் வால். ஆனால் அந்த எழுத்தின் தோளில் இரண்டு சின்னக் கீறுகள் இருந்தன. பேனை தவறிப் பட்டது என்று நினைத்தேன்.

"இந்தச் சின்னனுகளை விட்டிடுவமே? வெட்டுறதும் கரைச்சல், தைக்கிறதும் கரைச்சல்."

"ஐயோ, வேண்டாம்! சின்னக் கீறெண்டு விட்டிடாதேங்கோ. அது இல்லாட்டி சத்தமே மாறிப்போகும்." சிஞ்ஞோராவின் பக்கம் திரும்பியும் சொன்னாள். "ஒண்டையும் விடக்கூடாது, என்ன?"

"என்ரை மெசின் நுளம்பின்ரை காலையும் வெட்டும். நீ போய் உன்ரை சோதினையைப் பார்" என்றார் சிஞ்ஞோரா.

அவள் போன பிறகு, அந்தப் பென்சில் கோடுகளின் மேல் தடித்த பேனையால் போவது என் வேலை. மெசினுக்குக் கறுப்புத்தான் தெரியும். பேனையைத் திறந்தேன். கை தன் வழக்கப்படி, முதலில் எடுத்த கொரியத் தாளின் தலையில், அந்த வட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு உ போட்டது. பிறகு கோடுகளின் மேல் போனேன். தாள்களைச் சிஞ்ஞோராவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை மேசையில் நீலத்துணி எழுத்துகள் குவிந்து கிடந்தன. ஒவ்வொரு கொரியப் பெயரோடும் சுண்டுவிரல் நகமளவில் ஒரு உ இருந்தது.

"பார், அந்தப் பெட்டை சொன்ன மாதிரி ஒரு கீறு விடேல்லை" என்று சிஞ்ஞோரா பெருமைப்பட்டார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். தைக்காமல் விட்டிருந்தால்கூடப் போதும், ஒருவருக்கும் தெரிந்திராது. சொல்லப் பயம். அந்த மாதம் என் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற மாதம். அதைக் கொண்டுதான் பெர்மெஸ்ஸோ எடுக்கவேண்டும். தைக்காமல் விட மனம் வரவில்லை. வெட்டித்துண்டெல்லாம் விழுகிற வாளி என் காலடியில் இருந்தது. அறுந்த நூல், தூசி, யாரோ துப்பிய சுவிங்கம் எல்லாம் அதற்குள். பிள்ளையார் சுழியை அதற்குள் போட என் கை போகவில்லை. சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்று இப்போது கேட்கிறேன். அப்போது அது தோன்றவில்லை. 'அவரே வர விரும்புறார்போலை' என்று சொல்லிக்கொண்டு, வட்டத்துக்கு மேலே வைத்துத் தைத்தேன்.

சட்டை கொடுத்த அன்று பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு சிஞ்ஞோராவோடு நானும் மைதானத்துக்குப் போனேன். யப்பான்காரர் தங்கள் சட்டையைப் பார்த்துக் கைதட்டினார்கள். கொரியப் பயிற்சியாளர் தன் சட்டையை விரித்து, பெயரைச் சத்தமாக வாசித்துச் சிரித்தார். பிறகு அவர் விரல் மேலே போய் நின்றது. அந்தப் பெண்ணிடம் ஏதோ கேட்டார். அவள் கிட்ட வந்து பார்த்தாள்.

"இது எங்கடை எழுத்தில்லை. நான் இதைக் கீறேல்லை" என்றாள்.

குழுத்தலைவரின் முகம் சிவந்தது. "யப்பான் எழுத்து சரி. சொந்த எழுத்திலை பிழை விட்டிருக்கிறாய். நல்ல மொழிபெயர்ப்பாளர்தான்!"

"பாட்டுக்காரியெல்லோ, எழுத்துக்கும் சங்கதி போட்டிட்டாள்!" என்றது பின்னால் ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. "நான் கீறேல்லை" என்று திரும்பவும் சொன்னாள்.

சிஞ்ஞோரா என்னைப் பார்த்தார். "தாளிலை இருந்ததைத்தான் நான் வெட்டினனான். அது அவள் கீறினதுதானே? நீ பக்கத்திலை இருந்தனி, சொல்லு."

"ஓம் சிஞ்ஞோரா, அவதான்" என்றேன்.

தலைவர் அவளை ஒருபக்கம் கூட்டிக்கொண்டுபோய்ப் பேசினார். மொழிபெயர்க்க வேறு ஆள் வருவாராம். விருந்துக்கும் அவள் வரத் தேவையில்லையாம். கழுத்தில் போட்டிருந்த பெயர் அட்டையைக் கழற்றி, நான் தூக்கிவந்த பெட்டியின் மேல் வைத்துவிட்டு, பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தாள்.

அடுத்த நாள், சிஞ்ஞோரா சாப்பிடப் போயிருந்த நேரம், கடைக்கு வந்தாள். என்னைத் தேடித்தான் வந்திருக்கிறாள் என்று தெரிந்தும், "சிஞ்ஞோரா இல்லை" என்றேன்.

அவள் என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு நின்றாள். பல்லரோ சந்தையில் எங்கள் ஆளின் கடையில் வருடப்பிறப்புக்குக் கொடுத்த கலண்டர் அங்கே தொங்கியது. பிள்ளையார் படம். படத்தின் தலைமாட்டில் பெரிதாக ஒரு உ.

"இது என்ன?"

"ஒண்டுமில்லை."

"என்ன கருத்து?"

"ஒரு கருத்துமில்லை. சும்மா ஒரு அலங்காரம்."

காலையும் மாலையும் அந்தப் படத்துக்குக் கைகூப்புகிறவன் நான். அதன் கீழே இருந்துகொண்டுதான் அப்படிச் சொன்னேன்.

"நேற்று அந்தச் சட்டையைத் தொட்டுப் பார்த்தனான்" என்றாள். "மற்ற எழுத்துகளைவிட இதைத்தான் நெருக்கமாத் தைச்சிருக்கிறியள். கருத்தில்லாததை ஏன் அவ்வளவு கவனமாத் தைச்சனீங்கள்?"

மெசினை மிதித்தேன். ஊசியின் கீழே துணி இருக்கவில்லை. சிஞ்ஞோரா வரும்வரை நின்று சொல்லுவாள் என்று பயந்தேன். அவள் போய்விட்டாள்.

மனைவிக்கு அன்று பாதியைத்தான் சொன்னேன். கொரியச் சட்டையில் தவறிச் சுழி ஏறிவிட்டது, அவர்கள் அதைப் போட்டுக்கொண்டு விளையாடி இந்த ஊர்க்குழுவை வென்றும் விட்டார்கள் என்று. இரண்டும் உண்மை. லிபெர்த்தா தெருவில் ஒரு வயோதிபரைப் பார்க்கிற வேலை அவளுக்கு. பஸ்ஸில் கூடப் போகிற எங்கள் பெண்களிடம் சொல்லியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால் வாசலிலேயே செயலாளர் என்னைக் கட்டிப்பிடித்தார்.

"அண்ணை, கொரியாக்காரன்ரை நெஞ்சிலை எங்கடை பிள்ளையாரை ஏத்திவிட்டியள்! அதுதான் வெளுத்துப்போட்டாங்கள்!"

"அது தவறி நடந்தது, தம்பி."

"தவறி நடக்கிறதுதானே அற்புதம்! நினைச்சுச் செய்தா அது விளம்பரம்."

கதை வளர்ந்தது. சிஞ்ஞோரா பிரிக்கச் சொல்ல நான் மறுத்தேனாம். பிரிக்கப் போன ஊசி முறிந்ததாம். கொரியப் பயிற்சியாளர் சுழியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாராம். நான் இல்லை என்றும் சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை. அந்தச் சதுர்த்திக்கு எனக்குத்தான் முதல் மாலை. அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் அப்படியே. முன்னால் நிற்கக் கூப்பிடும்போது மனைவி சேலையைச் சரிசெய்துகொண்டு பார்ப்பாள். அவள் முகத்தில் இருந்த சந்தோசத்தை உடைக்க எனக்கு மனம் வரவில்லை என்று சொன்னால், அதுவும் இன்னொரு சாட்டுத்தான். மாலை எனக்கும் பிடித்திருந்தது.

அந்தக் கதையில் ஒரு பெண்ணே இல்லை. சுழி எப்படித் தாளில் வந்தது என்று கேட்டவர்கள் உண்டு. அதற்காக யார் அவமானப்பட்டார் என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்க அவர்களுக்குத் தெரியாது.

எங்கள் ஆட்கள் செய்வதுபோல வெறுங்காலோடு ஊருக்கு மேலேயுள்ள மலையில் ஏறி, அங்கே இருக்கிற கத்தோலிக்கப் புனிதையின் முன்னாலும் நின்றேன். சைவக்காரனென்றும் பார்க்காமல் இடம் கொடுக்கிற தாய். மெழுகுதிரி ஏற்றினேன். மனதுக்குள்கூட அந்தப் பெண்ணின் பேச்சை எடுக்காமல், பிள்ளைகளுக்கு நல்ல சுகம் கேட்டுவிட்டு இறங்கினேன்.

மலருக்கு எழுதச் சொன்ன பிறகுதான் நித்திரை கெட்டது. ஆட்கள் வாயால் சொன்னது காற்றோடு போகும். அச்சில் வந்தால், ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் அதை வாசித்து வளரும். முதலில் மனைவிக்கு முழுவதையும் சொன்னேன். அவள் சோற்றைக் கிளறுவதை நிறுத்திவிட்டு, "அந்தப் பிள்ளைக்கும் ஒரு தாய் இருந்திருப்பாளே" என்றாள். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், "எழுதுங்கோ. மாலையையும் எழுதுங்கோ" என்றாள்.

சிஞ்ஞோராவிடம் சொன்னபோது அவர் மெசினை நிறுத்தவில்லை. "அந்த நேரம் நான் உன்னை நம்பினனான்" என்றார். பிறகு, "என்னட்டை என்னத்துக்குச் சொல்லுறாய்? அவளிட்டைப் போய்ச் சொல்லு."

போனேன். இசைக்கல்லூரி வாசலில் காவலுக்கு இருந்தவர், அந்த வருடத்து மாணவர்கள் எப்போதோ படித்து முடித்துப் போய்விட்டார்கள் என்றார். உள்ளே யாரோ ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஆகையால் இதை வாசிக்கிற உங்களிடம்தான் கேட்கிறேன். நீங்கள் நூறு வீடுகளில் வேலை செய்கிறீர்கள், உங்கள் பிள்ளைகள் பல நாட்டுப் பிள்ளைகளோடு படிக்கிறார்கள். இந்த ஊரில் பாட்டுப் படித்த ஒரு கொரியப் பெண்ணை அறிந்தவர் எங்காவது இருந்தால், அவரிடம் இதைச் சொல்லுங்கள். சட்டையில் அந்தக் குறியைப் போட்டது நான், அதற்குக் கருத்து உண்டு, அவள் ஒரு பிழையும் விடவில்லை. கதையாகச் சொல்வதானாலும் இப்படியே சொல்லுங்கள். முறிந்த ஊசியைச் சேர்க்கவேண்டாம். எனக்காக இரங்கி, மைதானத்தில் நான் சொன்ன பொய்யைக் குறைக்கவும் வேண்டாம். மலர் அச்சடிக்கிற தம்பிமாரே, இடம் போதாது என்று எதையும் வெட்டிவிடாதீர்கள். சின்னக் கீறென்று விட்டுவிடவேண்டாம் என்று அந்தப் பிள்ளை முதலிலேயே சொன்னவள்.