தன்மேல் தானே புகார் எழுதிய ஓனர்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று சொல்லி வைத்தவர்கள், "மாடியை வாடகைக்கு விட்டுப் பார்" என்பதை ஏனோ சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். நான் சேர்த்துக்கொள்கிறேன். அதற்கான தகுதியை என் கணவர் எனக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

இவருக்கு டிரைவிங் ஸ்கூலில் வேலை. ஸ்டியரிங்கைப் பிடித்து நடுங்குகிறவர்களிடம், "பயப்படாதீங்க, எங்கிட்டயும் ஒரு பிரேக் இருக்கு" என்று சொல்லிச் சொல்லியே ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்தவர். கோபமா, கிலோ என்ன விலை என்று கேட்பார். அவருக்கும் சேர்த்து நான் படுகிறேன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் ஒன்பது வாடகை வீடு மாறினோம். கடைசியில் மேலும் கீழுமாக இரண்டு வீடு இருந்த ஒரு பழைய கட்டடத்தை வாங்கி, கீழே நாங்கள் குடிவந்தோம். சொந்த வீட்டுக்கு வந்த பிறகும் இவர் எட்டு மணிக்கு மேல் டிவி சத்தத்தைக் குறைப்பார். கேட்டால், "கீழ் வீட்டுக்காரங்க ஏதாவது சொல்லுவாங்க" என்பார். கீழ் வீட்டுக்காரர்களே நாங்கள்தான்.

மாடிக்கு "வீடு வாடகைக்கு" என்று போர்டு மாட்டினோம். வீடு பார்க்க வந்தவர்களை இவரே மேலே கூட்டிப் போனார். போனவர்கள் போன வேகத்தில் இறங்கி வந்தார்கள். நான்காவது குடும்பம் வந்தபோது நானும் பின்னாலேயே ஏறினேன். படுக்கையறை வாசலில் நின்றுகொண்டு இவர் விரலை நீட்டுகிறார்.

"அந்த மூலையில திட்டுத் திட்டா இருக்கு பாருங்க. பெரிய மழை பெஞ்சா கண்டிப்பா கசியும். ஓனர்கிட்ட இதெல்லாம் முன்னாடியே பேசிக்கணும்."

"நீங்கதானே ஓனர்?" என்றார் வந்தவர்.

"ஆமா, நான்தான்" என்றார் இவர், யாரோ நினைவுபடுத்திய மாதிரி.

அவர்கள் போன பிறகு நான் பிடித்துக்கொண்டேன். "கடை வச்சிருக்கிறவன் எவனாவது என் தராசு சரியில்லன்னு வாசல்ல நின்னு கூவுவானா?" சரி, கசியும் என்று தெரிகிறதே, கொத்தனாரைக் கூப்பிட்டுச் சரிசெய்யலாமே என்றால் அதுவும் இல்லை. குறையைக் கண்டுபிடிப்பது தன் வேலை, சரிசெய்வது இன்னொருவர் வேலை என்பது மனுஷன் ரத்தத்திலேயே ஊறிவிட்டது.

ஐந்தாவதாக ஒரு நர்ஸ் வந்தாள். ஏழு மாத வயிறு. கூடவே மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் கணவன். இவர் அதே மூலையைக் காட்டி அதே பாட்டைப் பாடினார். அவள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள்.

"பதினோரு வீடு பாத்துட்டோம் அங்கிள். கசியும்னு வாயத் திறந்து சொன்ன ஒரே ஓனர் நீங்கதான். நாங்க வந்துடறோம்."

வந்தார்கள். எனக்கு அந்தப் பெண்ணை முதல் நாளே பிடித்துப் போயிற்று. டியூட்டி முடிந்து படியேறும்போது, "ஆன்ட்டி, உயிரோட இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் போவாள். இந்த வீட்டில் ஒரு குழந்தை சத்தம் கேட்கப் போகிறது என்று நான் நாளை எண்ண ஆரம்பித்தேன்.

மூன்றாவது வாரம் மழை பிடித்தது. மறுநாள் காலையில் நர்ஸ் கீழே வந்தாள். "அங்கிள், நீங்க சொன்ன மூலை சொன்னபடியே நடந்துகிச்சு. கட்டிலைத் தள்ளிப் போட்டுட்டோம்."

இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார். முகத்தில் அப்படி ஒரு பரிவு.

"ஒம்பது வீட்ல பட்டவன்மா நான். வாயால சொன்னா எந்த ஓனரும் அசைய மாட்டான். எழுத்துல குடுக்கணும். பேப்பர் எடு, நான் சொல்றேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டேன். இவர் சொல்லிக்கொண்டே போகிறார். "மரியாதையா ஆரம்பிக்கணும். ரெண்டாவது வரியில தேதி. அப்புறம், 'பலமுறை வாய்மொழியாகத் தெரிவித்தும்'னு போடு. அதுதான் உறைக்கும்."

"இப்பதானே அங்கிள் முதல் தடவை சொல்றேன்?"

"இருக்கட்டும், போடு."

கையெழுத்துப் போட்டாள். கடிதத்தை நான்காக மடித்தாள். மேசைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, இவரிடமே நீட்டினாள். "இந்தாங்க அங்கிள்."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். சிரிப்பை அடக்க முடியாமல் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

ஆனால் கடிதத்தைப் பிரித்துப் படித்தவருக்குள் இத்தனை நாள் தூங்கிய ஓனர் எழுந்துவிட்டான். "பாக்கலாம்மா. மழை நிக்கட்டும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஒன்பது வீட்டிலும் நாங்கள் கேட்ட வார்த்தை அது. மழை நின்றது. "கொஞ்சம் ஈரம்தானே, வெயில்ல காஞ்சிடும்" என்றார். அடுத்த மழை வந்தது. தளத்தை உடைக்கப் போய் வேறு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். அதை வெளியே சொல்ல வெட்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நர்ஸின் கணவன் தனியாக இறங்கி வந்தான். குரலை உயர்த்தவில்லை. "பிரசவத்துக்கு இன்னும் அஞ்சு வாரம்தான் சார் இருக்கு. பச்சப் புள்ளைய அந்த ஈர ரூமுக்குக் கொண்டு வர முடியாது. இந்த மாசத்துக்குள்ள சரியாகலன்னா வேற வீடு பாத்துக்கறோம்."

அவன் படியேறியதும் நான் சொன்னேன். "இன்னைக்கு அந்தப் பொண்ணும் பையனும் நம்ம ரூம்ல படுக்கட்டும். நீங்க மேல போங்க. கட்டிலை அந்த மூலையிலயே போட்டுப் படுங்க."

"நீ?"

"நான் கூடத்துல படுத்துப்பேன். உங்களுக்கென்ன, கொஞ்சம் ஈரம்தானே!"

அன்று வானமும் என் கட்சியில் இருந்தது. விடிந்ததும் சட்டை தோளோடு ஒட்ட, தலையணையைப் பிழிந்துகொண்டே இறங்கி வந்தார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். "கொத்தனார் நம்பர் எங்க வச்ச?" என்று மட்டும் கேட்டார்.

கொத்தனார் வந்து மொட்டை மாடித் தளத்தில் நாலு ஓடு பெயர்த்தார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. மழைத் தண்ணீர் இறங்கும் குழாய்க்குள் எந்தக் காலத்துப் பந்தோ ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. தேங்கிய தண்ணீர் தளத்தில் முழ நீளத்துக்கு விரிசல் போட்டிருந்தது. இவர் லீவு போட்டு உட்கார்ந்துவிட்டார். கொத்தனார் சுத்தியலை ஓங்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்ற இவருடைய வலது கால் தரையை அழுத்தும். "சார், நீங்க பிரேக் போட்டா நான் வேலை பாக்க முடியாது" என்று கொத்தனார் கெஞ்சினார்.

பூச்சு முடிந்ததும் தளத்தில் பாத்தி கட்டி மூன்று நாள் தண்ணீர் தேக்கினார்கள். இவர் அதற்கு நேர் கீழே, மாடி வீட்டுப் படுக்கையறையில் நாற்காலி போட்டு, டார்ச்சும் கையுமாகச் சீலிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். டீயும் அங்கேதான். மூன்றாம் நாள் சாயங்காலம், "ஒரு சொட்டு இல்ல!" என்று கத்திக்கொண்டு படியிறங்கி ஓடி வந்து, வாசலில் நின்ற தபால்காரரைக் கட்டிப்பிடித்தார். பாவம் அவர், எதற்கென்று தெரியாமலே சந்தோஷப்பட்டார்.

நர்ஸுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அந்த அறைக்குத்தான் வந்தாள். வந்த வாரமே கொட்டித் தீர்த்த மழையில் சுவர் கல்மாதிரிக் காய்ந்து கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பத்தாம் நாள் அவள் கணவன் தயங்கித் தயங்கி வந்தான். "சார், தொட்டில் கட்டணும். சீலிங்ல ஒரு கொக்கி... புதுசா பூசியிருக்கீங்க, வேணாம்னா விட்டுடறோம்."

இவர் என்னைப் பார்த்தார். எங்கள் மகள் பிறந்தபோது மூன்றாம் வீட்டில் இருந்தோம். இதே கொக்கிக்காக இவர் ஓனரம்மா வாசலில் அரை மணி நேரம் நின்றார். முடியாது என்றுவிட்டாள். ஆறு மாதம் மகள் இவர் மடியிலேயே தூங்கினாள். கால் மரத்துப் போனாலும் அசைய மாட்டார்.

"எங்க வேணும்னு கைய மட்டும் காட்டுங்க தம்பி" என்று டிரில் மெஷினை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். கொக்கியை முடுக்கினார். இழுத்துப் பார்த்தார். அவருக்கு அது போதவில்லை. அதில் ஒரு கயிற்றைக் கட்டி, இரண்டு கையாலும் பிடித்து, எண்பது கிலோ மனுஷன் காலைத் தூக்கிக்கொண்டு ஊஞ்சலாட ஆரம்பித்தார். நர்ஸ் குழந்தையை அணைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

"இறங்குங்க! சீலிங்கை நாசம் பண்ணவா இந்த வீட்டுக்கு வந்தீங்க?" என்று கத்திவிட்டேன்.

கத்திய பிறகுதான் எனக்கே உறைத்தது. மூன்றாம் வீட்டு ஓனரம்மா அன்றைக்கு இவரிடம் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் நான் சொல்லியிருந்தேன்.