இடது மூலை தூக்கிய சில்லுகள்

பெங் லான்யிங் ஹூகோ தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தபோது வயது இருபத்தாறு. கணினிச் சில்லு செய்கிறவர்கள் ஒரு சாதி, அதைப் பலகையில் ஒட்டுகிறவர்கள் வேறு சாதி என்கிற மாதிரி ஒரு தரம்பிரிப்பு அன்று ஷின்ச்சூ வட்டாரம் முழுக்க இருந்தது. பெண் கேட்டு வருகிறவர்கள்கூட எந்தப் பக்கம் என்று விசாரிப்பார்கள். லான்யிங் ஒட்டுகிற பக்கம். அதே வரிசையில் வேலை பார்த்த நானும் அந்தப் பக்கம்தான்.

முதல் பதினைந்து வருடம் அவர் ஒட்டியதெல்லாம் கணினி விளையாட்டுக்கான சில்லுகள். திரையில் ஒரு ராட்சதனை வரைய லட்சக்கணக்கான புள்ளிகளின் நிறத்தை ஒரே நேரத்தில் கணக்கிட வேண்டும். ஒவ்வொன்றும் சின்னப் பெருக்கல்தான், ஆனால் எண்ணி மாளாது. செயற்கை அறிவு என்று இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பதும் இதே சின்னப் பெருக்கல்தான் என்று பின்னால் யாரோ கண்டுகொண்டார்கள். அந்த எண்ணத்தின் அடிப்படை லான்யிங் பள்ளிக்கூடம் போகும் முன்பே காகிதத்தில் இருந்தது. அதற்கு உடம்பு இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். உடம்பு விளையாட்டுக் கடையிலிருந்து வந்தது. இதை மேதைமை என்று சொல்லலாமா, தற்செயல் என்று சொல்லலாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பிறகு அந்த உடம்புக்குப் பசி வந்தது. சமையல்காரருக்குக் கைவேகம் இருக்கிறது, அரிசி அடுத்த ஊர்க் கிடங்கில் இருக்கிறது என்றால் என்ன ஆகும்? சில்லு கணக்கைப் போட்டுவிட்டு அடுத்த எண்ணுக்காகக் காத்துக் கிடந்தது. ஆகவே நினைவகத்தை மாடி மாடியாக அடுக்கி, சில்லுக்குப் பக்கத்திலேயே ஒரே பலகையில் ஒட்டச் சொன்னார்கள். யாரும் மதிக்காத ஒட்டுகிறவர்கள் வாசலில் உலகம் வரிசையில் நின்றது.

சிக்கல் அடுப்பில் இருந்தது. ஒட்டிய பலகை அடுப்புக்குள் போய் வெளியே வரும். சில்லு ஒரு மாதிரி விரியும், பலகை வேறு மாதிரி விரியும். ஆறும்போது அப்பளம் போல வளையும். முடியளவு வளைந்தாலும் ஆயிரக்கணக்கான இணைப்புகளில் சில விட்டுவிடும்.

அப்படி ஓர் அக்டோபரில் ஒரு பெரிய வாடிக்கையாளர் மூன்று வாரச் சோதனை கொடுத்திருந்தார். நூற்றுக்கு இரண்டுக்கு மேல் வளைந்தால் தயாரிப்பு வரிசை முழுவதும் தெற்கே தொலைவிலுள்ள தைனான் கிளைக்குப் போய்விடும். லான்யிங் அப்போது வரிசைத் தலைவி. இருபத்திரண்டு வருடம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்த பிறகு கிடைத்த பதவி. வீடு பக்கத்து ஊரான ஷின்பூவில், கணவர் பழம் காயவைக்கும் முற்றத்தோடு. தைனானுக்குப் போவது அவருக்கு நடக்கிற காரியமில்லை.

முதல் வாரம் நூற்றுக்குப் பதினொன்று வளைந்தது. இரண்டாவது வாரம் பன்னிரண்டு.

சாப்பாட்டுக் கூடத்தில் பொறியாளர் ட்செங் போஷுன் எதிரில் வந்து உட்கார்ந்தான். முப்பத்தொரு வயது, மூன்று நாள் தாடி.

"லான் அக்கா, நாளையிலிருந்து ஆறவைக்கிற நேரத்தை இரண்டு மடங்கா ஆக்கப் போறேன். வேற வழி தெரியல."

"மெதுவா ஆறினா இணைப்பு பலமா இருக்காதுன்னு நீங்கதானே வகுப்பு எடுத்தீங்க, எஞ்சினியர்?"

"எடுத்தேன். அன்னைக்கு நல்லா தூங்கியிருந்தேன்."

லான்யிங் தட்டையான அரிசிச் சேமியாவைக் குச்சியால் கிளறிக்கொண்டே இருந்தார். "வளைஞ்சது எல்லாம் இடது மூலைதான் தூக்கியிருக்கு. பலகை சரியில்லைன்னா அது எந்த மூலைன்னு பாத்தா வளையும்?"

அடுப்பில் பலகையை ஆறவைக்கும் இடது, வலது விசிறிகள் இரண்டும் சரியான வேகத்தில் சுற்றுவதாகத்தான் மானி காட்டியது. மானி விசிறியின் வேகத்தைச் சொல்லும். காற்று போகிறதா என்பதைச் சொல்லாது.

அடுப்பின் இடப்பக்கம் சுவரைத் தாண்டிப் பின்தாழ்வாரத்தில் நீட்டியிருக்கும். தூசுக்கே இடமில்லாத சுத்த அறைக்குள் தின்பண்டம் நுழையக் கூடாது, ஆகவே இயந்திரங்கள் ஒழுங்காக இருப்பதற்காக வைக்கும் சோளப்பொரிப் பொட்டலங்களை அங்கேதான் வைப்போம். அந்தப் பொரியின் பெயருக்கே 'சமத்தாக இரு' என்று அர்த்தம். பச்சை உறை மட்டும். பச்சை விளக்கு எரிந்தால்தானே இயந்திரம் ஓடும். மஞ்சளை வைத்தவனை யாரும் மன்னித்ததில்லை. தேதி தாண்டியதை மாற்ற வேண்டும். இதை நம்புகிறீர்களா என்று கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் வைக்காமல் யாரும் இயந்திரத்தை ஓட்ட மாட்டார்கள்.

சாப்பிட்டுவிட்டு லான்யிங் தாழ்வாரத்துக்குப் போனார். சோதனை தொடங்கிய அன்று பழைய சின்னப் பொட்டலத்தை எடுத்துவிட்டு, பெரிய வாடிக்கையாளர் அல்லவா என்று திருவிழாவுக்கு விற்கும் பெரிய பொட்டலமாக வாங்கி அடுப்பின் தலையில் வைத்தது அவர்தான். அது இப்போது தலையில் இல்லை. அதிர்வில் வழுக்கி இறங்கி, இடது விசிறி காற்றை உள்ளே இழுக்கும் சல்லடையில் அப்பிக்கொண்டிருந்தது. விசிறி அதை விடாமல் பிடித்து வைத்திருந்தது.

பிய்த்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தாழ்வாரத்தில் வேறு யாரும் இல்லை. குப்பைக் கூடை நாலு எட்டில் இருந்தது. அதில் போட்டுவிட்டால் போதும், நாளை போஷுன் நேரத்தை மாற்றுவான், வளைவு நின்றுவிடும், மாற்றத்தால்தான் நின்றது என்று எழுதுவான். வரிசை ஹூகோவிலேயே இருக்கும். பலமில்லாத இணைப்புகளும் நிரந்தரமாகிவிடும். இயந்திரத்தின் மேல் பிற பொருள் வைத்து உற்பத்தி கெட்டால் பதவி போகும் என்பது எழுதப்பட்ட விதி.

எவ்வளவு நேரம் நின்றார் என்று அவர் சொன்னதில்லை. பொட்டலத்தோடு நேராகப் பிரிவுத் தலைவர் லுவோவின் அறைக்குள் போனார். போஷுனும் அங்கே இருந்தான்.

"இதுதான் சார். நான் வெச்சது. சல்லடையை மூடியிருந்தது."

லுவோ பொட்டலத்தைப் பார்த்தார். "இவ்வளவு பெரிசா?"

"பெரிய ஆர்டராச்சேன்னு."

போஷுன் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "எடுத்துட்டு ஓட்டினா மட்டும் போதாது, அக்கா. திரும்ப வெச்சும் ஓட்டணும். இல்லேன்னா இதுதான் காரணம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சே நூறு பலகையை ஓட்டிக் கெடுக்கணுமா? உனக்குப் பைத்தியமா?" என்றார் லுவோ.

கெடுத்தார்கள். லான்யிங் தன் கையாலேயே பொட்டலத்தைச் சல்லடையில் வைத்தார். நூறில் பதிமூன்றில் இடது மூலை தூக்கியது. எடுத்துவிட்டு ஓட்டிய நூறில் ஒன்றும் தூக்கவில்லை.

அறிக்கை எழுதும்போது லுவோ குரலைத் தாழ்த்தினார். "காற்றுத் தடைன்னு மட்டும் போடுங்க, லான். எதனால, யாராலன்னு வேண்டாம். மேல இருக்கறவங்க அதுக்கு மேல கேக்க மாட்டாங்க."

"தைனான்லயும் அடுப்பு மேல பொட்டலம் இருக்கு சார். காற்றுத் தடைன்னு எழுதினா அவங்க குழாயைக் கழட்டிப் பாப்பாங்க. பொட்டலத்தை எவன் பாப்பான்?"

"சரி, உங்க பேரு எதுக்கு?"

"பேரு இல்லாத தப்பை யாரும் நம்ப மாட்டாங்க."

தன் பெயரையும், பொட்டலத்தின் நீள அகலத்தையும், வைத்த தேதியையும் எழுதிக் கையெழுத்திட்டார்.

மூன்றாவது வாரம் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாக வளைந்தது. வரிசை ஹூகோவில் தங்கியது. தலைமைப் பொறுப்பு லான்யிங்கிடமிருந்து போனது. அதை எதிர்த்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்களும் பேசவில்லை. இதை வீரம் என்று எழுத எனக்குத் தயக்கம். வைத்தவர் அவர், சொன்னவரும் அவர். ஆனால் அந்தத் தாழ்வாரத்தில் நான் நின்றிருந்தால் கூடைவரை நடந்திருப்பேன் என்றே நினைக்கிறேன்.

திங்கட்கிழமை காலை அவர் ஒன்பதாம் நுண்ணோக்கியில் உட்கார்ந்து இருக்கையின் உயரத்தைச் சரிசெய்தார். பக்கத்து இருக்கைக்காரி மெல்லக் கேட்டாள், "கஷ்டமா இருக்கா, அக்கா?"

"முதுகுக்கு இருக்கு," என்று சொல்லிவிட்டு லான்யிங் முதல் பலகையைக் கண்ணாடிக்கு அடியில் நகர்த்தினார்.